பழைய பைக்கில் பெட்ரோல் ஒழுகலை நிறுத்துவது எப்படி: டேங்கில் தொடங்கி கார்புரேட்டரில் முடிக்கும் முறை

எங்கள் வீட்டில் 1998-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் அதன் கார்புரேட்டருக்குக் கீழே பெட்ரோல் சொட்டத் தொடங்கியது. மூன்று மாதத்தில் நான்கு முறை பட்டறைக்குக் கொண்டுபோனேன். இரண்டு முறை நீடில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் ஊசி) மாற்றினார்கள், ஒரு முறை ஹோஸ் (பெட்ரோல் இறங்கும் ரப்பர் குழாய்) மாற்றினார்கள், ஒரு முறை கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக இருக்கும். பிறகு மீண்டும் அதே இடத்தில் ஈரம் தெரியும். கடைசியில் டேங்கைக் கழற்றி, அடியில் இருந்த பெட்ரோலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. டேங்கின் அடியில் செம்மண் போலப் படிந்திருந்த துரு, பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் கிழிந்த சல்லடை வழியாக இறங்கி, புதிதாகப் போட்ட நீடிலின் நுனியில் உட்கார்ந்து, அதை முழுமையாக மூடவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. ஒழுகிய இடம் கீழே இருந்தது. கோளாறு மேலே இருந்தது.

அந்த மூன்று மாத அலைச்சலும் செலவும் உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். டேங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே கீழிறங்கும் கார்புரேட்டர் வண்டிகள் அனைத்துக்கும் இந்த முறை பொருந்தும். ஸ்பிளெண்டர், சிடி 100, ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் எல்லாம் இந்த வகைதான். பெட்ரோல் பம்பு அழுத்தத்தில் இயங்கும் இன்ஜெக்‌ஷன் வண்டி உங்களுடையது என்றால் இதைப் பின்பற்றாதீர்கள். அதன் குழாய்களைக் கழற்றும் முறையே வேறு.

1. முதலில் வண்டியை இடம் மாற்றுங்கள்

ஒழுகுகிறது என்று தெரிந்த அன்றே செய்ய வேண்டியது இது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளமான மூலைகளில் தேங்கும். நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் ஈ.பி. மீட்டர் பெட்டிகளுக்கு நேர் கீழேதான் இருசக்கர வண்டிகளை வரிசையாக நிறுத்துகிறோம். எங்கள் வண்டியும் அங்கேதான் நின்றது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய், டேப்பை மூடி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் டேங்கில் இருக்கும் பெட்ரோலையாவது வடித்துவிடுங்கள்.

வேலை செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, சமையல் அடுப்பு, சுவிட்ச் போட்டு அணைக்கும் மின்விசிறி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வாளி மணலைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வடித்த பெட்ரோலைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள தடித்த கேனில் ஊற்றி, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது எதையும் கழற்றாதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள்.

2. என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

கழற்றிய பிறகு கடைக்கு ஓடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தவுடன் அதன் ரப்பர் பேக்கிங் பெரும்பாலும் ஊதிப் பெரிதாகியிருக்கும். பழைய பள்ளத்தில் மறுபடி உட்காராது. ஞாயிற்றுக்கிழமை மாலை கடையெல்லாம் மூடியிருக்கும்போது இது நடந்தால், திங்கட்கிழமை வேலைக்குப் போக வண்டி இருக்காது. ஆகவே பொருள்களை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு ஸ்குரூவில் கை வையுங்கள்.

கடைக்குப் போகும்போது ஆர்.சி.யின் நகலை எடுத்துச் செல்லுங்கள். ஒரே பெயரில் பல ஆண்டுகள் வெளிவந்த வண்டிகளில் கார்புரேட்டர் நடுவில் மாறியிருக்கும். தயாரிப்பு மாதம், ஆண்டு, இன்ஜின் எண் ஆகியவற்றைக் காட்டினால் மட்டுமே கடைக்காரரால் சரியான பாகத்தை எடுத்துத் தர முடியும். கார்புரேட்டரின் உடம்பில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை முன்பு வைத்திருந்தவர் வேறு கார்புரேட்டர் மாட்டியிருந்தால் ஆர்.சி. மட்டும் பார்த்து வாங்கிய பாகம் பொருந்தாது.

நான் சென்னையில் வாங்கியபோது டேப்பின் உள் ரப்பர் செட்டுக்கு 50 ரூபாய், முழு டேப்புக்கு 280 ரூபாய், அரை மீட்டர் ஹோஸும் இரண்டு கிளிப்பும் சேர்ந்து 70 ரூபாய், நீடிலும் பேக்கிங்கும் அடங்கிய கார்புரேட்டர் செட்டுக்கு 260 ரூபாய் ஆயின. இன்ஜின் ஆயிலையும் சேர்த்து பொருள்களுக்கு மொத்தம் 1,100 ரூபாய்க்குள் முடிந்தது. இதற்கு முன் நான்கு முறை பட்டறைக்குக் கொடுத்தது 2,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. உங்கள் ஊரில் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் நீடில் மட்டும் 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் ரப்பர் நுனி சில வாரங்களிலேயே கெட்டுவிடும்.

ரப்பரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது நாடு முழுவதும் விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1990-களின் வண்டிகளில் போட்ட ரப்பர்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டு ரப்பர் ஊதும், பிறகு காய்ந்து வெடிக்கும். அதனால் ஹோஸும் ஓரிங்கும் (ரப்பர் வளையம்) வாங்கும்போது எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். நீடில் நுனிக்கு ‘வைட்டான்’ என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்.

நேரக் கணக்கு: டேங்கில் துரு இல்லையென்றால் ஒரு நாள் போதும். துரு இருந்தால் இரண்டு முழு நாள்களும், ஓட்டை இருந்து பட்டறையில் பற்றவைக்க வேண்டியிருந்தால் நான்கைந்து நாள்களும் ஒதுக்குங்கள்.

3. ஓரிரவில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஈரம் தெரியும் இடத்தை நம்பாதீர்கள். பெட்ரோல் டேப்பின் தலையில் கசிந்து, ஹோஸின் வெளிப்பக்கமாக வழிந்து, கார்புரேட்டரின் அடியில் வந்து சொட்டும். பார்ப்பவருக்கு அது கார்புரேட்டர் ஒழுகல் போலவே தோன்றும். மேலும் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால், காலையில் பார்க்கும்போது ஈரமே இருக்காது, வாடை மட்டும்தான் இருக்கும்.

டேங்கின் அடிப்பகுதி, டேப், ஹோஸ், கார்புரேட்டர் எல்லாவற்றையும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு சாக்பீஸ் பொடியையோ முகப் பவுடரையோ மெல்லியதாகத் தூவுங்கள். பெட்ரோல் வழிந்த தடம் பொடியில் கோடாகத் தெரியும், காய்ந்த பிறகும் அந்தக் கோடு மறையாது. அடியில் செய்தித்தாளை விரித்து வையுங்கள்.

முதல் சோதனை டேப்பை மூடிவைத்துச் செய்வது. இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் டேங்கின் அடி மடிப்பிலோ, டேப் டேங்கோடு சேரும் இடத்திலோ, டேப்பின் கைப்பிடியைச் சுற்றியோ கோடு விழுந்திருந்தால் கோளாறு அங்கேதான்.

இரண்டாவது சோதனைக்கு, டேப்பை மூடியபடியே ஹோஸை கார்புரேட்டரிலிருந்து கழற்றி, அதன் முனையை ஒரு சிறு கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். குப்பியில் ஒரு சொட்டு விழுந்தாலும் டேப் மூடவில்லை என்று பொருள். பல பழைய வண்டிகளில் டேப் மூடாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நீடில் மட்டுமே பெட்ரோலைத் தடுத்துக்கொண்டிருக்கும் என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்றாவதாக, ஹோஸை மாட்டி, டேப்பைத் திறந்து, இன்ஜினை ஓட்டாமல் பதினைந்து நிமிடம் பாருங்கள். கார்புரேட்டரின் அடியிலிருந்து தரையை நோக்கித் தொங்கும் மெல்லிய ஓவர்புளோ குழாயின் வழியாகச் சொட்டினால், நீடில், புளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் ஏறியதும் உயர்ந்து நீடிலை மூடவைக்கும் மிதவை) பகுதியில் கோளாறு. கிண்ணம் மேல் பாகத்தோடு சேரும் கோட்டில் ஈரம் வந்தால் பேக்கிங் கெட்டிருக்கிறது. ஓவர்புளோ குழாயை அடைத்துவிட்டால் ஒழுகல் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே போக வழியில்லாத பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கும்.

நொடிக்கு ஒரு சொட்டு என்பது சிறிதாகத் தோன்றும். ஒரு நாளில் 86,400 சொட்டு. அது ஒரு லிட்டருக்கு மேல்.

4. டேங்கைக் கழற்றி உள்ளே பாருங்கள்

மூன்று சோதனைகளில் எது தேறாவிட்டாலும் இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். டேங்க் சுத்தமாக இல்லாமல் கீழே எதை மாற்றினாலும் எனக்கு நடந்ததே உங்களுக்கும் நடக்கும்.

பெட்ரோலை முழுவதுமாக வடித்து, சீட்டையும் பக்க மூடிகளையும் எடுத்து, டேங்கின் பின்பக்க போல்ட்டைக் கழற்றி, டேங்கைப் பின்னோக்கி இழுத்துத் தூக்குங்கள். பெட்ரோல் மீட்டர் உள்ள வண்டியானால் அதன் வயர் இணைப்பை முதலில் பிரித்துவிடுங்கள். வடித்த பெட்ரோலின் கடைசி அரை லிட்டரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் செந்நிறப் பொடி படிந்தால் துரு. தெளிவான கோடு போட்டு இரண்டு அடுக்காகப் பிரிந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்க் எப்போதும் அடியிலிருந்தே அரிக்கப்படுவதற்கு அது ஒரு காரணம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைநீரும் அதன் வழியாக இறங்கும். அதை மாற்ற அதிகச் செலவு ஆகாது, ஆகவே பார்த்தவுடன் மாற்றிவிடுங்கள்.

துருவை எடுக்க நான் எலுமிச்சை உப்பைப் பயன்படுத்தினேன். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். முதலில் டேங்கை சோப்புத் தண்ணீரால் பெட்ரோல் வாடை போகும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். டேப்பின் துளையை ரப்பர் துண்டு வைத்து அடைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் லிட்டருக்கு 80 கிராம் வீதம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, கழுத்துவரை ஊற்றிப் பத்து மணி நேரம் விடுங்கள். மூடியைத் திருகி மூடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். துரு கட்டியாக இருந்தால் சிறு போல்ட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கலாம். நான் இருபது போல்ட்டுகளை எண்ணிப் போட்டேன், எடுக்கும்போதும் எண்ணினேன். பத்தொன்பதுதான் வந்தது. இருபதாவது போல்ட்டை எடுக்க, டேங்கைத் தலைகீழாகப் பிடித்து அரை மணி நேரம் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டியிருந்தது. எண்ணாமல் விட்டிருந்தால் அது உள்ளேயே கிடந்து புது சல்லடையைக் கிழித்திருக்கும்.

பிறகு கரைசலைக் கொட்டி, இரண்டு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா கலந்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் மறுபடி அலசி, உடனே வெயிலில் வாயும் துளையும் திறந்தபடி காயவையுங்கள். சுத்தமான இரும்பு ஒரு மணி நேரத்திலேயே மீண்டும் செம்மை பூக்கும். ஈரம் போனவுடன் இன்ஜின் ஆயில் இரண்டு மூடி ஊற்றி எல்லாப் பக்கமும் பரவும்படி டேங்கைச் சுழற்றுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றினால் வேலை விரைவில் முடியும் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். அது துருவோடு தகட்டையும் தின்றுவிடும்.

துருவை எடுத்த பிறகு புதிதாக ஓட்டை தெரியலாம். அதைக் கண்டு பதற வேண்டாம். அந்த ஓட்டை முன்பே இருந்தது; துருதான் அதை அடைத்துக்கொண்டிருந்தது. டேங்கில் தண்ணீர் நிரப்பி வெளிப்பக்கம் ஊறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டையை அடைக்க எபாக்சிப் பசை பூசுவது ஊருக்குப் போய்ச் சேரும்வரை தாங்கும் வழி, அதற்கு மேல் இல்லை. அதுவும் பெட்ரோல் ஈரம் துளியும் இல்லாத, உப்புத்தாளால் தேய்த்த தகட்டில்தான் ஒட்டும். கடையில் விற்கும் சிலிக்கோன் பேஸ்ட்டைப் பெட்ரோல் ஊறவைத்துக் கூழாக்கிவிடும். அந்தக் கூழ் நேரே கார்புரேட்டரின் ஜெட் என்னும் நுண்துளையில் போய் அடைக்கும். நிலையான வழி, டேங்க் வேலை தெரிந்த பட்டறையில் பித்தளை வைத்துப் பற்றவைப்பது. என்னிடம் ஒரு துளைக்கு 400 ரூபாய் வாங்கினார்கள். அவர்கள் டேங்கை நன்றாக அலசி, பற்றவைக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கும்படி தண்ணீரை நிரப்பிக்கொண்ட பிறகுதான் தீயைக் கொண்டுவந்தார்கள். “பெட்ரோல்தான் காலியாகிவிட்டதே” என்று நேரே தீயை வைக்க முனையும் பட்டறையிலிருந்து டேங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது, ஏனென்றால் அதில் ஆவியும் காற்றும் கலந்திருக்கும்.

தகடே மெலிந்துவிட்டால் பழைய டேங்க் வாங்குவதுதான் வழி. சென்னையில் புதுப்பேட்டையில் கிடைக்கும். வாங்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நிறம் உங்கள் ஆர்.சி.யில் உள்ள நிறமாக இருக்கட்டும், அல்லது அந்த நிறத்துக்கு மாற்றிவிடுங்கள். இதன் காரணம் கடைசியில் வருகிறது.

5. பெட்ரோல் டேப்

டேப்பில் மூன்று இடங்களில் ஒழுகும். டேங்கோடு சேரும் இடத்தில் ஓரிங் அல்லது வாஷர் கெட்டிருக்கும். கைப்பிடிக்குப் பின்னால் நான்கு துளையுள்ள வட்ட ரப்பர் தேய்ந்திருக்கும். அடியில் சிறு கிண்ணம் உள்ள டேப்பானால் அதன் ஓரிங் காய்ந்திருக்கும்.

கைப்பிடியைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்குரூக்களைக் கழற்றினால் அலைபோல் வளைந்த ஒரு வாஷரும், கைப்பிடியும், அந்த வட்ட ரப்பரும் வரிசையாக வரும். வரும் வரிசையிலேயே தாளில் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரின் துளைகளுக்கு நடுவில் கைப்பிடி உராய்ந்து உண்டான வட்டப் பள்ளத்தை விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். பள்ளம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். திருப்பிப் போட்டு ஓட்டுவது இரண்டு வாரம்கூட நிற்காது. சில டேப்புகளில் தகட்டை ஸ்குரூவுக்குப் பதில் ரிவெட் வைத்து அடித்திருப்பார்கள். அதைப் பிரிக்க முயலாமல் முழு டேப்பையும் மாற்றுங்கள்.

டேங்கின் உள்ளே நிற்கும் இரண்டு குழாய்களில் உயரமானது ஆன் நிலைக்கு, குட்டையானது ரிசர்வுக்கு. இரண்டின் சல்லடையும் கிழியாமல் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் ரிசர்வ் பக்கத்துச் சல்லடைதான் நைந்து நூலாகத் தொங்கியது. ரிசர்வுக்குத் திருப்பியபோதெல்லாம் அடியில் இருந்த துரு நேராக இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பத்து நாள் கழித்து ஒழுகல் திரும்பியதன் காரணம் அதுதான்: பட்டறையிலிருந்து வந்த பத்தாவது நாள் வாக்கில் பெட்ரோல் குறைந்து நான் ரிசர்வில் போட்டிருப்பேன்.

டேப்பின் மரையில் குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளை நாடாவைச் சுற்றாதீர்கள். அதன் துணுக்குகள் பிய்ந்து நீடிலில் மாட்டும். இறுக்கும்போது பாதி திருப்பில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றிச் சோதித்து, தேவையென்றால் மட்டும் இன்னும் கால் திருப்பு கொடுங்கள்; டேப்பின் உடம்பு மென்மையான வார்ப்பு உலோகம், மரை எளிதில் உரிந்துவிடும்.

6. ஹோஸ்

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள். பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள்விட்டத்தில் வாங்குங்கள். தண்ணீருக்கான ஒளி ஊடுருவும் குழாய் சில வாரங்களில் மஞ்சளாகி, கண்ணாடிபோல் விறைத்து, முனையில் வெடிக்கும். சுருள் கம்பிக் கிளிப் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். கட்டுக்கம்பி முறுக்கினால் ரப்பரை அறுக்கும். ஹோஸ் சிலிண்டர் துடுப்புகளைத் தொடாமல், நடுவில் மேடேறாமல், ஒரே இறக்கமாக வர வேண்டும். நடுவில் பில்டர் வைக்க விரும்பினால் கார்புரேட்டர் பைக்குக்கான சிறிய பில்டராக வாங்குங்கள். அழுத்தத்தில் இயங்கும் காரின் பில்டர் பைக்கில் பெட்ரோலைத் தடுக்கும்.

7. கார்புரேட்டர்: நீடிலும் புளோட்டும்

இப்போதுதான் கார்புரேட்டருக்கு வர வேண்டும். வெளியே மண்ணைத் துடைத்துவிட்டு, ஏர்பில்டர் குழாய், இன்டேக் போல்ட்டுகள், ஆக்சிலேட்டர் கேபிள் ஆகியவற்றை விடுவித்து வெளியே எடுங்கள். கிண்ணத்தின் ஸ்குரூக்களுக்கு வாய் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரை வைத்து, அதன் தலையில் சிறு சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அழுத்தியபடி திருப்புங்கள். தலை வழுக்கினால் உடனே நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தலை முழுதும் உரிந்த பிறகு கொண்டுபோனால் செலவு மூன்று மடங்கு.

புளோட்டைத் தாங்கும் பின்னை இரண்டு மெல்லிய தூண்கள் பிடித்திருக்கும். இந்தத் தூண் உடைந்தால் கார்புரேட்டரே வீண். பின்னின் ஒரு முனை சற்றுப் பருத்திருக்கும். மெல்லிய முனையிலிருந்து ஆணியால் மெதுவாகத் தள்ளினால் மறுபக்கம் வரும். வராவிட்டால் கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் பொறுங்கள்.

நீடிலின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். கூம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். நடுவில் மோதிரம்போல் கோடு விழுந்திருந்தால் அது மூடாது. பின்புறம் உள்ள சிறு ஸ்பிரிங் ஊசி அழுத்தினால் உள்ளே போய், விட்டால் வெளியே வர வேண்டும். நீடில் உட்காரும் பித்தளைத் துளையைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் பித்தளை மெருகுப் பசை தொட்டு இருபது முறை சுழற்றித் துடைத்து, ஸ்பிரே அடித்துப் பசை முழுதும் போகக் கழுவுங்கள். இங்கே உப்புத்தாள் கூடவே கூடாது. பல வண்டிகளில் இந்தத் துளையைத் தனியாக மாற்ற முடியாது. கீறிவிட்டால் எந்த நீடிலும் மூடாது.

புளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் ஆடும் சத்தம் கேட்டால் அது ஓட்டை. சத்தம் இல்லாவிட்டாலும், திறந்த வெளியில் சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குமிழி வந்தால் மாற்றுங்கள்.

கிண்ணத்தின் நடுவில் நிற்கும் மெல்லிய பித்தளைக் குழாய்தான் ஓவர்புளோ வழி. அதில் தலைமுடி அளவு விரிசல் விட்டிருந்தால், நீடில் புதிதாக இருந்தாலும் இடைவிடாமல் சொட்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. கிண்ணத்தைக் கழற்றிய நிலையில், குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழ்வரை பெட்ரோல் ஊற்றி, செய்தித்தாளின் மேல் கால் மணி நேரம் பிடித்துப் பாருங்கள். தாள் நனைந்தால் கிண்ணத்தை மாற்ற வேண்டும்.

மாட்டிய பிறகு, கிண்ணத்தை மூடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் புளோட்டின் எடையே நீடிலை மூடும். பெட்ரோல் வரும் வாயில் ஒரு புதிய ஹோஸ் துண்டைச் செருகி மெதுவாக ஊதுங்கள். காற்று போகவே கூடாது. நிமிர்த்தினால் தாராளமாகப் போக வேண்டும். இதற்குப் பெட்ரோல் பட்ட பழைய ஹோஸை வாயில் வைக்காதீர்கள்.

புளோட்டின் உயரம் இன்னொரு முக்கியமான அளவு. கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, புளோட்டின் நாக்கு நீடிலின் ஸ்பிரிங் ஊசியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில், பேக்கிங் இல்லாத விளிம்பிலிருந்து புளோட்டின் உச்சிவரை அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பித்தளை நாக்கானால் இம்மியளவு வளைத்துச் சரிசெய்யலாம். பிளாஸ்டிக் நாக்கானால் வளைக்க முயலாமல் புளோட்டையே மாற்றுங்கள்.

கிண்ணத்தின் ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கைமணிக்கட்டின் வலுவோடு மட்டும் இறுக்குங்கள். ஒழுகினால் இன்னும் இறுக்கலாம் என்று தோன்றும். ஒழுகலுக்குக் காரணம் பேக்கிங் பள்ளத்தில் உட்காராததுதான். மறுபடி திறந்து அதைச் சரியாக வையுங்கள்.

8. இன்ஜின் ஆயிலைப் பார்க்காமல் கிக்கர் அடிக்காதீர்கள்

நான்கு ஸ்டிரோக் வண்டியில் நீடில் மூடாமல் பல நாள் நின்றிருந்தால், பெட்ரோல் இன்டேக் வழியாக சிலிண்டருக்கு வந்து, அங்கிருந்து ஆயிலில் கலந்திருக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் தண்ணீர்போல் ஓடினாலோ, இன்ஜினை ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயிலில் ஓடும் இன்ஜின் உள்ளே தேயும். அந்தச் செலவு பல ஆயிரங்கள். எங்கள் ஸ்பிளெண்டருக்கு 900 மில்லி பிடித்தது. கிக்கர் அழுத்த முடியாமல் முட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, இக்னிஷனை அணைத்தபடியே மெதுவாக நான்கைந்து முறை கிக் செய்து உள்ளே நிற்கும் பெட்ரோலை வெளியேற்றுங்கள். ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்டிரோக் வண்டியில் ஆயிலில் கலக்காது என்றாலும் பெட்ரோல் கிராங்க் அறையில் தேங்கும்; அதற்கும் பிளக்கைக் கழற்றிக் கிக் செய்வதே வழி.

9. மாட்டிய பிறகு மூன்று நாள்

டேங்கில் இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றி, மூன்றாம் படியில் சொன்ன சோதனைகளை அப்படியே மறுபடி செய்யுங்கள். பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பொடி தூவிப் பாருங்கள். சில கசிவுகள் அதிர்வில்தான் தெரியும். மூன்றாம் நாள் கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் ஸ்குரூவைத் திறந்து சிறு குப்பியில் பெட்ரோலைப் பிடித்துப் பாருங்கள். செந்தூள் இருந்தால் டேங்க் இன்னும் சுத்தமாகவில்லை. எங்களுக்கு முதல் தடவை கொஞ்சம் வந்தது, இரண்டாவது வாரம் நின்றுவிட்டது.

இனி வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

10. ஆவணங்கள்: இதை முடித்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள்

சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-இல், காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். பெட்ரோல் ஒழுகும் வண்டியை அவர் முன் நிறுத்துவதில் பயனில்லை, இன்னொரு நாள் விடுப்புதான் வீணாகும். ஆகவே அந்த 60 நாளின் முதல் வாரத்திலேயே மேலே சொன்ன வேலையை முடித்துவிடுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் இருசக்கர வண்டிக்கு 1,000 ரூபாய். 2025 ஆகஸ்டு திருத்தத்தின்படி 20 ஆண்டு கடந்த வண்டிக்கு 2,000 ரூபாய். பசுமை வரி தனி. தாமதித்தால் மாதக் கணக்கில் கூடுதல் கட்டணம் ஏறும்.

இன்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம் ஆகிய மூன்றையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆர்.சி.யில் கறுப்பு என்றிருக்க, வண்டியில் சிவப்பு டேங்க் மாட்டியிருந்தால் கேள்வி வரும். பழைய டேங்கின் ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

புகைச் சான்றிதழைக் கார்புரேட்டர் வேலை முடிந்த பிறகு எடுங்கள். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 விழுக்காடு, அதற்குப் பிந்தைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு 3.5 விழுக்காடு. நீடில் சரியாக மூடாத வண்டியில் பெட்ரோல் அதிகமாக எரிவதால் இந்த அளவு எளிதில் மீறும். ஓவர்புளோ நின்றதும் எங்கள் வண்டி முதல் முறையிலேயே தேறியது. பழைய வண்டிகளுக்கு இந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும்.

காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே இருக்கும். ஒழுகிய பெட்ரோலில் தீப்பிடித்து உங்கள் வண்டி எரிந்தால், அந்தக் காப்பீட்டில் உங்களுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது.